ஓர் எழுத்துப் பிழை



இந்த மாதச் சுவர் இதழில் அறிவியல் பகுதி என் முறை. கட்டுரை கொஞ்சம் நீளம்தான். மூன்று சார்ட் ஒட்டியிருக்கிறேன். இடைவேளையில் பாதி, மதியம் சாப்பிட்டுவிட்டு மீதி என்று படியுங்கள். கை ஈரமாக இருந்தால் தொடாதீர்கள், ஸ்கெட்ச் கலைஞ்சிடும்.

முதலில் ஒரு விளையாட்டு. "பள்ளிக்குப் போனேன்" என்று எழுத வேண்டிய இடத்தில் "பல்லிக்குப் போனேன்" என்று எழுதினால் தமிழம்மா சிவப்பு மையில் சுழித்து அரை மார்க் குறைப்பார்கள். "அரிசி வாங்கி வா" என்பதில் 'ரி' போய் 'ர' வந்தால் "அரசி வாங்கி வா" என்று ஆகிவிடும். ராணியை எந்தக் கடையில் போய் வாங்குவது? ஒரே ஓர் எழுத்துதான், அர்த்தம் தலைகீழ்.

இதே மாதிரி ஓர் எழுத்து நம் உடம்புக்குள் மாறினால் என்ன ஆகும்? அதுதான் இந்தக் கட்டுரை. அந்த நோயின் பெயர் அரிவாள் செல் சோகை. ஆஸ்பத்திரிச் சீட்டில் சிக்கில் செல் அனீமியா என்று இருக்கும். நம் கூடலூர், பந்தலூர் பக்கம் இந்தப் பெயரைக் கேட்காதவர்கள் குறைவு. ஆனால் உள்ளே என்னதான் நடக்கிறது என்று கேட்டால் "ரத்தம் கெட்டுப்போச்சு" என்பதோடு முடித்துவிடுகிறார்கள்.

ஆறாம் வகுப்பு படிக்கிற என் தம்பிக்கு இது இருக்கிறது. அவனிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "எழுது, ஆனா நான் அழுத கதையெல்லாம் போடாதே" என்றான். போடவில்லை. எங்கள் தெருவில் ஒரு அக்கா, அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் இடம் கிடைத்து எம்.பி.பி.எஸ். முதல் வருஷம் படிக்கிறார்கள். முதல் வருஷத்தில் உயிர்வேதியியல் என்று ஒரு பாடம். லீவுக்கு வந்தபோது அந்த நோட்டை வைத்து 4 நாள் எனக்குச் சொல்லித் தந்தார்கள். மருத்துவக் கல்லூரிப் பாடம் நமக்கு எங்கே புரியப்போகுது என்று நினைக்காதீர்கள். பாசிமணி கோக்கத் தெரிந்தால் போதும்.

மாலை கோப்பது

நம் ரத்தம் ஏன் சிவப்பு? சிவப்பணு இருப்பதால் என்று எல்லாரும் சொல்வீர்கள். சிவப்பணுவுக்குள் ஹீமோகுளோபின் என்ற புரதம் நிறைந்திருக்கிறது. ஒரே ஒரு சிவப்பணுவுக்குள் சுமார் 27 கோடி ஹீமோகுளோபின்! நுரையீரலில் ஆக்சிஜனை ஏற்றிக்கொண்டு போய் கை, கால், மூளை, சிறுநீரகம் எல்லாவற்றிலும் இறக்குவதுதான் அதன் வேலை.

புரதம் என்றால் முட்டை, பருப்பு என்று நினைப்போம். அக்கா சொன்னது வேறு. புரதம் ஒரு மணிமாலை. அதில் கோக்கும் மணிகள்தான் அமினோ அமிலங்கள். மணியில் மொத்தம் 20 வகை. எந்த மணிக்கு அப்புறம் எந்த மணி என்பதுதான் எல்லாம். வரிசை சரியாக இருந்தால் மாலை தானே சுருண்டு மடங்கி ஒரு வடிவத்துக்கு வந்துவிடும். அந்த வடிவம் இருந்தால்தான் வேலை நடக்கும். ஹீமோகுளோபினில் நான்கு மாலைகள் சேர்ந்திருக்கின்றன. 141 மணி உள்ள ஆல்ஃபா மாலை இரண்டு, 146 மணி உள்ள பீட்டா மாலை இரண்டு. கூட்டிப் பார்த்தால் 574 மணிகள். ஒவ்வொரு மாலையின் நடுவிலும் ஹீம் என்ற தட்டையான வளையம், அதன் மையத்தில் ஓர் இரும்பு அணு. ஆக்சிஜன் வந்து உட்காருவது அந்த இரும்பில்தான்.

சரி, மணி வரிசையை யார் முடிவு செய்கிறார்கள்? டி.என்.ஏ. தான். அதில் நான்கே எழுத்துகள்: ஏ, டி, ஜி, சி. நம் தமிழுக்கு 247 எழுத்து, அதற்கு 4 எழுத்து! அந்த நான்கை வைத்து எழுதப்பட்ட சுமார் 300 கோடி எழுத்துகள் கொண்ட புத்தகம் அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று நமக்கு வருகிறது.

நான்கு எழுத்தை வைத்து 20 மணிக்கு எப்படிப் பெயர் வைப்பது? கணக்கு சார் கேட்டால் சந்தோஷப்படுவார். ஓர் எழுத்துக்கு ஒரு மணி என்றால் 4 பெயர்தான் வரும். இரண்டெழுத்துப் பெயர் என்றால் 4 x 4 = 16. இன்னும் போதவில்லை. மூன்றெழுத்து என்றால் 4 x 4 x 4 = 64. போதும், மீதியும் இருக்கிறது. அதனால் டி.என்.ஏ.வில் மூன்று மூன்று எழுத்தாகப் படிக்க வேண்டும். ஒவ்வொரு மூன்றெழுத்தும் ஒரு மணியின் பெயர். சில மணிக்கு இரண்டு, மூன்று பெயர்கூட உண்டு. மூன்று சொற்கள் மட்டும் எந்த மணிக்கும் பெயர் இல்லை, "போதும், நிறுத்து" என்று சொல்வதற்கு! இந்த மூன்றெழுத்து அகராதியைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவர் ஹர் கோவிந்த் குரானா. இப்போது பாகிஸ்தானில் இருக்கும் ஒரு சின்னக் கிராமத்தில் பிறந்தவர். சுமார் 100 பேர் இருந்த அந்த ஊரில் எழுதப் படிக்கத் தெரிந்தது கிட்டத்தட்ட அவர் குடும்பம் மட்டும்தானாம். 1968-ல் நோபல் பரிசு வாங்கினார்.

டி.என்.ஏ. புத்தகம் செல்லின் உட்கருவுக்குள்ளேயே இருக்கும், வெளியே வராது. தலைமையாசிரியர் அறை பீரோவில் இருக்கிற பெரிய பதிவேடு மாதிரி. வேண்டிய பக்கத்தை மட்டும் ஒரு துண்டுச் சீட்டில் நகல் எடுத்துக்கொண்டு போவார்கள் அல்லவா? அந்தச் சீட்டுதான் ஆர்.என்.ஏ. (அதில் 'டி'க்குப் பதில் 'யு' என்று எழுதியிருக்கும்.) சீட்டு உட்கருவை விட்டு வெளியே வந்து ரைபோசோமிடம் போகும். ரைபோசோம் சீட்டை மூன்று மூன்று எழுத்தாகப் படித்து, அந்தந்த மணியை வாங்கி மாலை கோக்கும். இந்த ரைபோசோம் எப்படி இருக்கிறது என்று அணு அணுவாகக் கண்டறிந்ததற்காக 2009-ல் மூன்று பேருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அதில் ஒருவர் வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன். 1952-ல் நம் சிதம்பரத்தில் பிறந்தவர்.

ஆறாவது மணி

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். முதல் சார்ட்டில் பீட்டா மாலையின் தொடக்கத்தை வரைந்திருக்கிறேன் பாருங்கள். வாலின், ஹிஸ்டிடின், லியூசின், திரியோனின், புரோலின். ஆறாவது மணி குளூட்டாமிக் அமிலம், சிவப்பில் இருக்கிறது. அதன் மூன்றெழுத்து ஜி-ஏ-ஜி.

அரிவாள் செல் உள்ளவர்களுக்கு அந்த இடத்தில் ஜி-டி-ஜி என்று இருக்கும். நடு எழுத்து 'ஏ' போய் 'டி' வந்துவிட்டது, அவ்வளவுதான்! 300 கோடி எழுத்தில் ஒன்று. ஜி-டி-ஜி என்றால் வாலின். ரைபோசோமுக்கு என்ன தெரியும்? சீட்டில் உள்ளதைப் படித்து வாலினைக் கோத்துவிடும். மீதி 145 மணியும் சரியாகவே இருக்கும்.

ஒரு மணி மாறினால் என்ன பெரிசா ஆகப்போகுது? வீட்டிலேயே செய்து பாருங்கள். ஒரு டம்ளர் தண்ணீரில் உப்பு போட்டுக் கலக்குங்கள், கரைந்துவிடும். இன்னொரு டம்ளரில் நாலைந்து சொட்டு தேங்காய் எண்ணெய் விடுங்கள். கரையாது. அதோடு தனித்தனிச் சொட்டாக இருந்தவை நகர்ந்து நகர்ந்து ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொள்ளும். குளூட்டாமிக் அமிலம் உப்பு மாதிரி. அதில் எதிர் மின்னூட்டம் இருக்கிறது, தண்ணீரோடு சிநேகம். வாலின் எண்ணெய் மாதிரி. தண்ணீர் பிடிக்காது, ஒட்டிக்கொள்ள இன்னொரு எண்ணெய்ப் பசையைத் தேடும். சிவப்பணுவுக்குள் எல்லாம் தண்ணீர். இந்த எண்ணெய் மணி எங்கே போகும்?

ஆக்சிஜன் ஏறியிருக்கும்வரை பிரச்சினை இல்லை. ஆக்சிஜனை இறக்கியதும் ஹீமோகுளோபின் கொஞ்சம் வடிவம் மாறும். அப்போது பீட்டா மாலையில் ஒரு சின்னக் குழி திறக்கும், அந்தக் குழிக்குள்ளும் எண்ணெய்த் தன்மைதான். பக்கத்து ஹீமோகுளோபினின் வாலின் வந்து சட்டை பட்டன் மாதிரி அதில் மாட்டிக்கொள்ளும். அதில் இன்னொன்று, அதில் இன்னொன்று. ரயில் பெட்டி மாதிரி நீண்டு, 14 இழை முறுக்கின கயிறு போல ஆகிவிடும். கயிறு என்றாலும் விறைப்பான கயிறு. உள்ளே இருந்து குத்தித் தள்ளுவதில், உருண்டைத் தட்டாக இருந்த சிவப்பணு கதிர் அறுக்கும் அரிவாள் போல வளைந்துவிடும். அதுதான் பெயர்க் காரணம்.

நல்ல சிவப்பணு ரொம்ப நெகிழ்வானது. தன்னைவிடக் குறுகலான ரத்தக் குழாயிலும் மடங்கி நுழைந்து போய்விடும். அரிவாள் செல் விறைப்பு, மடங்காது. நம் எஸ்டேட் ரோட்டில் ஒரு லாரி குறுக்கே நின்றால் பின்னால் ஜீப்பு, பஸ்ஸு, பைக்கு எல்லாம் நிற்குமே, அதே கதை. அதற்கு அந்தப் பக்கம் இருக்கிற எலும்புக்கும் தசைக்கும் ஆக்சிஜன் போகாது. அப்போது வருவதுதான் அந்த வலி. "கால் வலிக்குது" என்று சாதாரணமாகச் சொல்கிறோமே, அந்த வலி இல்லை இது. தம்பி சொன்னபடி அழுகைக் கதை எழுதக் கூடாது, அதனால் இதோடு விடுகிறேன்.

கண்டுபிடித்த கதை

1910-ல் அமெரிக்காவில் சிகாகோ நகர மருத்துவர் ஜேம்ஸ் ஹெரிக், கிரெனடா தீவிலிருந்து பல் மருத்துவம் படிக்க வந்த ஒரு மாணவரின் ரத்தத்தில் அரிவாள் வடிவச் செல்களைப் பார்த்ததாக எழுதினார். பார்த்தாரே தவிர காரணம் தெரியவில்லை. காரணம் தெரிய 40 வருஷம் ஆனது.

1949-ல் லைனஸ் பாலிங்கும் அவருடன் இருந்தவர்களும் ஹீமோகுளோபினை மின்சாரத்தில் ஓடவிட்டார்கள். அரிவாள் செல் ஹீமோகுளோபின் வேறு வேகத்தில் ஓடியது. ஏன்? மேலே சொன்னேனே, குளூட்டாமிக் அமிலத்தில் எதிர் மின்னூட்டம் உண்டு, வாலினில் இல்லை. இரண்டு பீட்டா மாலையிலும் ஒவ்வொன்று குறைந்ததால் மின்சாரம் இழுக்கிற இழுப்பு மாறிவிட்டது. நோய் என்பது கிருமியில் மட்டும் இல்லை, ஒரு மூலக்கூறிலேயே இருக்கலாம் என்று முதன்முதலாகக் காட்டியது இதுதான். அந்தக் கட்டுரைக்கே "மூலக்கூறு நோய்" என்று பெயர் வைத்தார்கள்.

எந்த மணி என்று பிடித்தவர் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் இருந்த வெர்னான் இங்கிராம். அவர் செய்த வேலை எனக்கு ரொம்பப் பிடித்தது. நாம் லேபில் ஃபில்டர் தாளில் மை வைத்து நிறம் பிரித்தோமே, அதே வேலை! மாலையை ஒரு நொதியால் துண்டு துண்டாக வெட்டி, தாளில் வைத்து ஒரு பக்கம் மின்சாரத்தாலும் மறுபக்கம் திரவத்தாலும் பரவவிட்டார். நல்ல ஹீமோகுளோபினுக்கு ஒரு தாள், அரிவாள் செல் ஹீமோகுளோபினுக்கு ஒரு தாள். இரண்டிலும் புள்ளிகள் ஒரே மாதிரி. ஒரே ஒரு புள்ளி மட்டும் இடம் மாறி இருந்தது. அந்தத் துண்டை மட்டும் எடுத்து ஆராய்ந்து 1957-ல் சொல்லிவிட்டார்: குளூட்டாமிக் அமிலத்துக்குப் பதில் வாலின். தாளும் மையும் வைத்து இவ்வளவு பெரிய விஷயமா என்று இருந்தது எனக்கு.

மஞ்சள் கண்

இதைச் சொல்லாமல் போக மாட்டேன். தம்பியை வகுப்பில் சிலர் "மஞ்சக்கண்ணன்" என்று கூப்பிடுகிறார்கள். ஒட்டிக்கும் என்று பக்கத்தில் உட்காராதவர்களும் உண்டு.

நல்ல சிவப்பணுவின் ஆயுள் 120 நாள். அரிவாள் செல்லுக்கு 10 முதல் 20 நாள்தான். வளைந்து நிமிர்ந்து வளைந்து நிமிர்ந்து சீக்கிரம் உடைந்துவிடும். எலும்பு மஜ்ஜை புதுசு புதுசாக எவ்வளவு செய்தாலும் ஈடுகட்ட முடியாது. அதனால்தான் சோகை, அதனால்தான் சீக்கிரம் களைப்பு.

உடைந்த செல்லின் ஹீம் வளையம் என்ன ஆகும்? இதை நீங்கள் எல்லாரும் உங்கள் முட்டியிலேயே பார்த்திருக்கிறீர்கள். கபடியில் விழுந்து அடிபட்டால் முதலில் கன்றி நீலமாக இருக்கும். நாலைந்து நாளில் பச்சை. அப்புறம் மஞ்சள். அப்புறம் காணாமல் போகும். தோலுக்கு அடியில் கசிந்த ரத்தத்தின் ஹீம் வளையம் வெட்டுப்பட்டதும் பச்சை நிறப் பொருளாகவும், அடுத்து பிலிருபின் என்ற மஞ்சள் பொருளாகவும் மாறுகிறது. இரும்பை மட்டும் உடம்பு பத்திரமாக எடுத்து வைத்துக்கொள்ளும். இது எல்லாருக்கும் தினமும் நடப்பது. கல்லீரல் அந்த மஞ்சளைப் பித்தத்தில் கலந்து வெளியேற்றிவிடும். தம்பிக்குச் செல்கள் நிறைய உடைவதால் மஞ்சள் அதிகம் சேர்ந்து கண்ணில் தெரிகிறது. உங்கள் முட்டி மஞ்சளும் என் தம்பி கண் மஞ்சளும் ஒரே பொருள். முட்டிக் காயம் பக்கத்தில் இருப்பவருக்கு ஒட்டுமா?

இன்னொன்று. எழுத்துப் பிழை எப்படிக் காற்றில் பரவும்? அவன் நோட்டுப் பக்கத்தில் உங்கள் நோட்டை வைத்தால் உங்கள் நோட்டில் பிழை வந்துவிடுமா?

யாரிடமிருந்து வந்தது

தம்பி பிறந்து ஐந்தாறு மாதம் வரை நன்றாகத்தான் இருந்தான். அதற்கப்புறம் கையும் காலும் பொம்மென்று வீங்கின. கண்ணு பட்டுருச்சு என்றார்கள். ஓர் ஆஸ்பத்திரியில் வாத ஜுரம் என்று ஊசி போட்டார்கள். 4 வயதில்தான் ரத்தப் பரிசோதனையில் தெரிந்தது. "பிறந்தப்போ நல்லாத்தானே இருந்தான், நடுவுல எப்படி வந்துச்சு?" என்று அம்மா கேட்டுக்கொண்டே இருப்பார்கள்.

அதற்கும் அக்காவின் நோட்டில் பதில் இருந்தது. வயிற்றில் இருக்கும் குழந்தைக்குப் பீட்டா மாலை ரொம்பக் குறைவு, பெரும்பாலும் அதற்குப் பதில் காமா மாலை. கருக்கால ஹீமோகுளோபின் என்று அதற்குப் பெயர். பிறந்த பிறகு உடம்பு காமாவைக் கொஞ்சம் கொஞ்சமாக நிறுத்திவிட்டு பீட்டாவுக்கு மாறும். பிழை இருப்பது பீட்டாவின் பக்கத்தில்தான். அதனால் பீட்டா வந்தால்தான் நோயும் தெரியும். 1948-லேயே ஜேனட் வாட்சன் என்ற பெண் மருத்துவர், பிறந்த குழந்தைகளின் ரத்தத்தில் அரிவாள் செல் குறைவாக இருப்பதைக் கவனித்து, கருக்கால ஹீமோகுளோபின்தான் காப்பாற்றுகிறது என்று சொல்லிவிட்டார். ஆகவே கண்ணும் படவில்லை, ஒன்றும் படவில்லை.

உறவில் சிலர் அம்மாவைத்தான் சொன்னார்கள். "உங்க வழியில வந்த வியாதி" என்று. அம்மா பதில் பேச மாட்டார்கள். அதற்குத்தான் இந்தப் பகுதியைக் கொட்டை எழுத்தில் எழுதியிருக்கிறேன்.

பீட்டா மாலைக்கான பக்கம் 11-வது குரோமோசோமில் இருக்கிறது. அது நம்மிடம் இரண்டு பிரதி. ஒன்று அப்பா தந்தது, ஒன்று அம்மா தந்தது. இரண்டும் சரியாக இருந்தால் ரிப்போர்ட்டில் 'ஏ-ஏ' என்று போடுவார்கள். ஒன்று சரி, ஒன்று பிழை என்றால் 'ஏ-எஸ்'. இரண்டும் பிழை என்றால் 'எஸ்-எஸ்'. (இந்த 'ஏ' வேறு, டி.என்.ஏ. நாலெழுத்தில் வரும் 'ஏ' வேறு. குழப்பிக்காதீங்க.) ஏ-எஸ் உள்ளவர்கள் நோயாளி இல்லை. சரியான பிரதியிலிருந்தும் மாலை வந்துகொண்டிருப்பதால் சாதாரணமாக இருப்பார்கள். எஸ்-எஸ் உள்ளவர்களுக்குத்தான் நோய். தம்பி எஸ்-எஸ். அப்படியென்றால் ஓர் எஸ் அம்மாவிடமிருந்து, ஓர் எஸ் அப்பாவிடமிருந்து. ஒருத்தர் மட்டும் கொடுத்து எஸ்-எஸ் வராது. அப்பா ஏ-எஸ், அம்மா ஏ-எஸ். நானும் ஏ-எஸ். நான் கபடி டீமில் இருப்பது எல்லாருக்கும் தெரியும்.

யார் எந்தப் பிரதியைத் தருவார் என்பது பூவா தலையா போடுவது போல. ஒன்பதாம் வகுப்பில் நிகழ்தகவு படிக்கிறோமே, இரண்டு காசைச் சுண்டுங்கள். இரண்டும் பூ விழ வாய்ப்பு 1/4. அதுதான் எஸ்-எஸ். ஒரு பூ ஒரு தலை 1/2. இரண்டும் தலை 1/4. ஒவ்வொரு குழந்தைக்கும் காசு புதுசாகச் சுண்டப்படும். முதல் குழந்தைக்கு வந்துவிட்டது, இனி மூன்று பேருக்கு வராது என்று கணக்குப் போடக் கூடாது. காசுக்கு ஞாபகம் கிடையாது.

இந்தப் பகுதியைப் பாட்டிக்கு வாசித்துக் காட்டினேன். பாட்டி என்றால் அப்பாவின் அம்மா. ரொம்ப நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்போ உங்கப்பனுக்கு என்கிட்ட இருந்து வந்திருக்குமா, தாத்தாகிட்ட இருந்தா?" என்று கேட்டார்கள். இரண்டில் யாராகவும் இருக்கலாம் பாட்டி என்றேன். அன்று ராத்திரி பாட்டியே எழுந்து போய் அம்மாவுக்குச் சோறு போட்டு வைத்தார்கள்.

இத்தனை கெடுதல் செய்கிற எழுத்து ஏன் அழிந்து போகவில்லை என்று நம் அறிவியல் டீச்சர் கேட்டார்கள். காரணம் மலேரியா. ஏ-எஸ் உள்ள குழந்தைகள் கடுமையான மலேரியாவில் சாகாமல் தப்புவது அதிகம் என்று 1954-ல் கிழக்கு ஆப்பிரிக்காவில் ஆராய்ந்து சொன்னவர் ஆண்டனி அலிசன். மலேரியா ஆட்டிப்படைத்த ஊர்களில் ஒற்றை எஸ் ஒரு கேடயம் போல இருந்திருக்கிறது. நம் வயநாடு, கூடலூர்க் காடுகளிலும் முன்காலத்தில் மலேரியா கடுமை. 1952-லேயே லேமன், கட்புஷ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் நம் நீலகிரிப் பழங்குடி மக்களிடம் அரிவாள் செல் இருப்பதைக் கண்டு எழுதியிருக்கிறார்கள். ஆப்பிரிக்க நோய் என்று நினைத்திருந்தவர்களுக்கு அது புதுச் செய்தி. இன்று பழங்குடி மக்களிடம் மட்டும் இல்லை, வேறு சமூகத்தாரிடமும் இருக்கிறது. அதனால் "அவங்க வியாதி" என்று யாரையும் காட்ட வேண்டாம்.

வகுப்பறையில்

ஆசிரியர்கள் இதைப் படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

தண்ணீர் குறைந்தால் சிவப்பணுவுக்குள் ஹீமோகுளோபின் நெருக்கியடித்துக் கிடக்கும். நெருக்கம் கூடினால் பட்டன் மாட்டுவது ரொம்ப வேகமாக நடக்கும். அதனால் தம்பி நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்க வேண்டும். "பாடம் நடக்கும்போது என்ன தண்ணி?" என்று பாட்டிலைப் பைக்குள் வைக்கச் சொல்லாதீர்கள். அவன் அடிக்கடி ஒன்றுக்குப் போகக் கேட்பதும் ஏமாற்று வேலை இல்லை. சிறுநீரகத்தின் உட்பகுதியில் ஆக்சிஜன் ரொம்பக் குறைவு, அங்கே செல்கள் வளைந்து வளைந்து அந்த இடம் பழுதாகிவிடுகிறது. தண்ணீரை மிச்சம் பிடித்து வைக்கும் வேலை அங்கேதான் நடக்கும். அது நடக்காததால் குடித்த தண்ணீர் சீக்கிரம் வெளியே போகிறது. போகப் போக மறுபடி குடிக்க வேண்டும்.

குளிரும் ஆகாது. குளிரில் ரத்தக் குழாய் சுருங்கும். ஆடி மழையில் அவன் ஸ்வெட்டரைக் கழற்றச் சொல்லி யூனிஃபார்ம் பார்க்க வேண்டாம். போன வருஷம் தொட்டபெட்டா டூருக்கு அவன் வராததற்குப் பணம் காரணம் இல்லை. 2,637 மீட்டர் உயரத்தில் குளிரும் இருக்கிறது, காற்றில் ஆக்சிஜனும் குறைவு. இரண்டும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று இதற்குள் உங்களுக்கே தெரிந்திருக்கும். பி.இ.டி. பீரியடில் அவன் விளையாடுவான், ஆனால் மூச்சு வாங்கினால் உட்கார விட வேண்டும். காய்ச்சல் என்றால் மட்டும் அன்றைக்கே ஆஸ்பத்திரி. கிருமியைப் பிடிக்கிற மண்ணீரல் இந்த நோயில் சீக்கிரம் கெட்டுப்போவதால் சாதாரணக் காய்ச்சலும் அவர்களுக்கு ஆபத்தாகலாம். வாராவாரம் பள்ளியில் தரும் இரும்புச்சத்து மாத்திரையையும் டாக்டரைக் கேட்காமல் கொடுக்கக் கூடாது. அவர்கள் சோகை இரும்பு குறைந்து வந்தது இல்லை.

மருந்து இல்லாமல் இல்லை. ஹைட்ராக்சியூரியா என்று ஒரு கேப்ஸ்யூல். அது செய்கிற முக்கியமான வேலை, நின்றுபோன காமா மாலையை மறுபடி கொஞ்சம் கோக்க வைப்பது! கருக்கால ஹீமோகுளோபின் நடுவில் வந்து நின்றால் கயிறு நீளமாக வளராது. அதோடு ஃபோலிக் அமில மாத்திரை, புதுச் செல் செய்வதற்கு. கூடலூர் ஆதிவாசி மருத்துவமனையிலும் இதற்குச் சிகிச்சை உண்டு. 1.7.2023-ல் அரிவாள் செல் ஒழிப்புக்கான தேசியத் திட்டம் மத்தியப் பிரதேசத்தில் தொடங்கப்பட்டது. 40 வயது வரை உள்ள 7 கோடிப் பேருக்குப் பரிசோதனை செய்வதும், 2047-க்குள் ஒழிப்பதும் அதன் குறி. பரிசோதனைக்கு விரலில் ஒரு குத்து, அவ்வளவுதான். பயந்து கக்கூஸில் ஒளிய வேண்டாம் (யார் என்று சொல்ல மாட்டேன்). ஏ-எஸ் என்று வந்தால் மானம் போய்விடாது. பின்னாளில் கல்யாணப் பேச்சு வரும்போது இரண்டு பேர் சீட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். எனக்கு 18 ஆக இன்னும் 4 வருஷம் இருக்கு, படிப்பு அதற்கு மேலேயும் இருக்கு, அதனால் அந்தப் பேச்சு இப்போ வேண்டாம்.

எழுத்தையே திருத்த முடியாதா? சிவப்பணுவில் உட்கருவே கிடையாது, அதில் போய்த் திருத்த ஒன்றும் இல்லை. அதைச் செய்து அனுப்புகிற எலும்பு மஜ்ஜைச் செல்லில்தான் கை வைக்க வேண்டும். 2023 நவம்பரில் பிரிட்டனிலும் டிசம்பரில் அமெரிக்காவிலும் கேஸ்ஜெவி என்ற சிகிச்சைக்கு அனுமதி கிடைத்தது. மஜ்ஜைச் செல்களை வெளியே எடுத்து, மூலக்கூறு கத்தரிக்கோலால் ஓர் இடத்தை வெட்டித் திரும்ப உள்ளே விடுகிறார்கள். வெட்டுவது ஆறாவது மணியின் எழுத்தை இல்லை. காமா மாலைக்குப் போட்டிருந்த பூட்டை! 1948-ல் ஜேனட் வாட்சன் பார்த்த அதே கருக்கால ஹீமோகுளோபின் பெரியவர்களுக்கும் வந்துவிடுகிறது. அமெரிக்காவில் அதன் விலை 22 லட்சம் டாலர் என்று அறிவித்தார்கள். அப்போது நம் பணத்தில் சுமார் 18 கோடி. அக்கா அந்த எண்ணை நோட்டின் ஓரத்தில் எழுதி இரண்டு கோடு போட்டிருந்தார்கள்.

தம்பிக்கு இப்போது தினமும் காலையில் கேப்ஸ்யூல் ஒன்று. போன வருஷத்தைவிட இந்த வருஷம் லீவு குறைவு. அவன் பாட்டில் நீல நிறம், மூடியில் கயிறு கட்டியிருக்கும். காலியாகக் கண்டால் நிரப்பிக் கொடுங்கள். ஆறாம் வகுப்பு வாசல் குழாயில் தண்ணீர் வருவதில்லை, சத்துணவுக் கூடத்துக் குழாயில் வருகிறது.